ஓலையும் படச்சுருளும்: உதகை பிலிம் ஆலையை முன்னிட்டு நினைவும் காலமும்

ஸ்ரீவைஷ்ணவ ஸம்ப்ரதாயத்தில் திருவாய்மொழியின் வியாக்கியானங்களைக் குறிப்பிடும்போது, அவற்றை அருளிச்செய்தவர் பெயரைச் சொல்லுமுன் அளவைச் சொல்வது வழக்கம். திருக்குருகைப்பிரான் பிள்ளான் அருளியது ஆறாயிரப்படி. நஞ்சீயர் அருளியது ஒன்பதினாயிரப்படி. பெரியவாச்சான் பிள்ளை அருளியது இருபத்துநாலாயிரப்படி. வாதிகேசரி அழகியமணவாள ஜீயர் அருளியது பன்னீராயிரப்படி. நம்பிள்ளை காலக்ஷேபத்தில் ஸாதித்ததை வடக்குத் திருவீதிப்பிள்ளை ஏடுபடுத்தியது ஈடு முப்பத்தாறாயிரப்படி. ஒற்று நீங்கலாக முப்பத்திரண்டு எழுத்துக்கள் கொண்டது ஒரு படி, அதாவது ஒரு கிரந்தம். அக்கணக்கின்படி ஈட்டின் அளவு 11,52,000 எழுத்துக்கள்.

ஒரு நூலை அளவால் வழங்குவதில் நுண்ணிய பாதுகாப்பு ஒன்று அடங்கியுள்ளது. பெயரே எண்ணைச் சொல்லும்போது, ஓலைக்கட்டில் ஏடு குறைந்தால் குறைந்தது தெரியும். பிற்காலத்தவர் நுழைத்தால் நுழைத்ததும் தெரியும். நினைவைக் காக்கப் பூர்வர்கள் கைக்கொண்ட கருவிகளுள் எண்ணும் ஒன்று. நாதமுனிகள் சரித்திரமே இதற்குத் தலையாய சான்று. வீரநாராயணபுரத்திற்கு வந்த யாத்திரிகர்கள் திருக்குடந்தை ஆராவமுதன் விஷயமான திருவாய்மொழியை ஸேவிக்கக் கேட்டார் நாதமுனிகள். ஆயிரத்துள் இது ஒரு பத்து என்னும் குறிப்பு அதன் நிகமனப் பாசுரத்திலேயே இருந்தது. அவர்கள் அறிந்தது அந்தப் பத்து மட்டுமே. எஞ்சியவை மறைந்து போயின என்பதை அந்த எண்ணே அறிவித்தது. அதன்பின் அவர் திருக்குருகூருக்கு எழுந்தருளி, கண்ணிநுண்சிறுத்தாம்பைப் பன்னீராயிரம் உரு ஜபித்து, ஆழ்வாரிடம் நாலாயிரத்தையும் பெற்றார் என்பது குருபரம்பரை. மறந்தோம் என்பதை அறிவதே நினைவு மீள்வதற்கு முதற்படி ஆயிற்று.

இருபதாம் நூற்றாண்டில் நினைவைச் சுமக்க வந்த மற்றொரு பொருளும் அளவால் வழங்கப்பட்டது. திரைப்படச் சுருளை அடிக்கணக்கில் சொல்வர். 35 மில்லிமீட்டர் சுருளில் ஓர் அடிக்கு 16 கட்டங்கள். ஆயிரம் அடிச் சுருளில் 16,000 கட்டங்கள். நொடிக்கு 24 கட்டங்கள் வீதம் ஓடினால் ஏறத்தாழ 11 நிமிடம். ஓலைக்கு எழுத்துக்கணக்கு, படச்சுருளுக்கு நொடிக்கணக்கு. அச்சுருளைப் பாரத நாட்டிலேயே உற்பத்தி செய்யவேண்டும் என்று எழுந்த பெருமுயற்சிக்கு இடமாக அமைந்தது நீலகிரி மலை. அந்த ஆலையின் தோற்றமும் மறைவும், நினைவை எங்கே வைப்பது என்னும் வினாவுக்கு அண்மைக்கால உதாரணமாக நிற்கின்றன. பூர்வர்களின் வியாக்கியானங்கள் தங்கிய விதத்தையும் அவ்வாலையின் வரலாற்றையும் ஒருங்கே வைத்து நோக்குவது, ஓலைகளும் பழைய படங்களும் ஒலிநாடாக்களும் கணினிக்கு ஏற்றப்படும் இக்காலத்திற்கு இன்றியமையாதது.

உதகையில் எழுந்த ஆலை

ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் மத்திய அரசு நிறுவனம் 1960-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பதிவு செய்யப்பட்டது. பிரான்சு நாட்டின் போஷே நிறுவனத்தின் தொழில்நுட்ப ஒத்துழைப்புடன் உதகமண்டலத்தில் ஆலை எழுந்து, 1967-இல் உற்பத்தி தொடங்கிற்று. கறுப்பு வெள்ளைப் படச்சுருள், திரைப்படப் பிரதிக்கான சுருள், மருத்துவமனைகளுக்கான எக்ஸ்ரே பிலிம், புகைப்படத் தாள் ஆகியவை அங்கிருந்து நாடெங்கும் சென்றன. அவற்றிற்கு வாய்த்த வணிகப்பெயர் 'இந்து'. ஆலையைச் சுற்றி எழுந்த குடியிருப்பும் இந்து நகர் என்றே வழங்கலாயிற்று. வடமொழியில் இந்து என்பது சந்திரனைக் குறிக்கும். வெள்ளியால் ஒளியைப் பிடிக்கும் பொருளுக்கு அப்பெயர் பொருந்தியதே.

கடல்மட்டத்திற்கு மேல் 2,200 மீட்டருக்கும் மிகுந்த உயரம், தூசு குறைந்த காற்று, ஆண்டு முழுவதும் தணிந்திருக்கும் வெப்பம் ஆகியவை இத்தொழிலுக்கு ஏற்றவை. படச்சுருள் என்பது மெல்லிய அடித்தளத்தின்மீது பூசப்பட்ட ஜெலட்டின் படலம். விலங்குகளின் எலும்பு, தோல் முதலியவற்றிலிருந்து எடுக்கப்படும் அந்த ஜெலட்டினுக்குள் வெள்ளி புரோமைடு முதலிய உப்புகளின் நுண்துகள்கள் விரவியிருக்கும். பூசும்போது ஒரு தூசு விழுந்தாலும் அது படத்தில் வடுவாகும். சிறிது வெளிச்சம் புகுந்தாலும் முழுச்சுருளும் கருகும். ஆதலால் பூசும் பகுதிகளில் வேலை இருளிலோ, மிக மங்கிய பாதுகாப்பு விளக்கிலோ நடைபெறும். நாட்டின் பிற்கால நினைவுகள் பதியவேண்டிய பரப்பைத் தொழிலாளர்கள் கண்ணால் காணாமல் கைப்பழக்கத்தாலேயே உருவாக்கினர்.

பின்னர் பாலியெஸ்டர் அடித்தளம் கொண்ட எக்ஸ்ரே பிலிமுக்கெனப் பெரிய விரிவாக்கத் திட்டம் எழுந்தது. அதற்கு வாங்கிய கடனும் வட்டியும் சுமையாயின. 1991-க்குப்பின் இறக்குமதி எளிதானது. நிறுவனம் 1996-இல் நலிந்ததாக அறிவிக்கப்பட்டது. அதே காலத்தில் உலகெங்கும் பிலிம் இல்லாத ஒளிப்படம் பரவத் தொடங்கிற்று. எஞ்சியிருந்த தொழிலாளர்களுக்கான விருப்ப ஓய்வுத் திட்டத்திற்கு 2014-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஆலை ஓய்ந்தது.

இது உதகைக்கு மட்டும் நேர்ந்ததன்று. பிலிம் தொழிலில் உலகின் முதல்வனாக விளங்கிய அமெரிக்காவின் கோடக் நிறுவனம் 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கோரிற்று. பிலிம் இன்றிப் படம்பிடிக்கும் கருவியை 1975-இல் முதலில் செய்து காட்டிய ஸ்டீவன் ஸாஸன் அந்நிறுவனத்தின் பொறியாளரே. நினைவைச் சுமக்கும் கருவிகள் ஒன்றையொன்று விழுங்கும் வேகம் இதனால் விளங்கும். ஓலையின் காலம் பல நூற்றாண்டு. அச்சின் காலமும் நூற்றாண்டுகளால் எண்ணத்தக்கது. உதகையின் படச்சுருளுக்கு வாய்த்ததோ அரை நூற்றாண்டுக்கும் குறைவு.

வெளிப்படா உருவமும் ஸம்ஸ்காரமும்

படச்சுருளின் செயல்முறையில் தத்துவ விசாரத்திற்கு உரிய கட்டம் ஒன்று உண்டு. ஒளி பட்ட கணத்தில் வெள்ளி உப்புத் துகளில் சில வெள்ளி அணுக்கள் மட்டுமே பிரிகின்றன. அப்போது சுருளைப் பார்த்தால் எவ்வுருவமும் தெரியாது. ஆயினும் பட்ட துகளும் படாத துகளும் வேறுபட்டுவிட்டன. அந்நிலையில் சுருளை இருளில் நெடுநாள் வைத்திருக்கலாம். பிலிம் கழுவும்போது, டெவலப்பர் கரைசல் பட்டவுடன், மறைந்து கிடந்த வேறுபாடு கறுப்பு வெள்ளி உருவாகத் தோன்றுகிறது.

ஸ்மிருதி என்னும் நினைவைப் பற்றி நம் தர்சனத்தில் சொல்லப்படும் முறை இதற்கு மிக அணித்தானது. அனுபவம் நிகழ்ந்து மறைகிறது, ஸம்ஸ்காரம் எஞ்சுகிறது, ஸம்ஸ்காரம் தானாகத் தோன்றுவதில்லை, அதை எழுப்பும் உத்போதகம் வந்தால் நினைவாக மலர்கிறது. ஒத்த பொருளைக் காணுதல், அதிருஷ்டம், இடைவிடாது எண்ணுதல், உடன் நிகழ்ந்ததை மீண்டும் காணுதல் ஆகியவை உத்போதகங்கள் என்று யதீந்த்ரமததீபிகையில் ஸ்ரீநிவாஸாசாரியர் நிரூபிக்கிறார். ஒளி பட்டது அனுபவமாகவும், வெளிப்படா உருவம் ஸம்ஸ்காரமாகவும், கரைசல் உத்போதகமாகவும், படம் ஸ்மிருதியாகவும் பொருந்துவதைக் காணலாம்.

ஆயினும் இவ்வொப்புமை ஓர் இடத்தில் நின்றுவிடுகிறது. ஸம்ஸ்காரத்திற்கு இருப்பிடம் தர்மபூதஜ்ஞானம். அது ஓர் ஆத்மாவைப் பற்றி நிற்பது. தனக்கு ஆசிரயமான ஆத்மாவுக்குப் பொருளைக் காட்டுவது. படச்சுருளோ ஜடம். தன்மேல் பதிந்தது எது என்பதை அது ஒருபோதும் அறியாது. எவருக்கும் தானாக உணர்த்தவும் மாட்டாது. அறிபவன் ஒருவன் எதிரில் வந்து நின்றாலன்றி அதிலுள்ள உருவம் வெறும் வெள்ளிப்படிவமே. ஆதலால் படச்சுருளை நினைவு என்று வழங்குவது உபசாரம். தர்சனத்தின் கணக்கில் அது உத்போதக வர்க்கத்தைச் சேர்ந்தது. ஓலை, அச்சுநூல், ஒலிநாடா, கணினி ஆகிய எல்லாவற்றிற்கும் இம்முடிவு பொதுவானது.

இங்கே ஒரு ஆக்ஷேபம் எழும். 1970-களில் ஒரு திவ்யதேசத்தில் நடந்த உத்ஸவத்தின் படத்தை இன்று பிறந்து வளர்ந்த ஒருவர் காண்கிறார். அவருக்கு அவ்வுத்ஸவத்தில் அனுபவமே இல்லை. அனுபவம் இல்லையேல் ஸம்ஸ்காரம் இல்லை. ஸம்ஸ்காரம் இல்லையேல் உத்போதகம் எதை எழுப்பும்? தொழில்நுட்பத்தைப் பற்றிய தத்துவத்தில் பெயர்பெற்ற பிரெஞ்சு அறிஞர் பெர்னார் ஸ்டீக்லர், 1994-இல் வெளிவரத் தொடங்கிய தொழில்நுட்பமும் காலமும் பற்றிய தம் நூல்வரிசையில் இவ்விடத்தையே பற்றிக்கொண்டார். உணர்வில் இப்போது தங்கிநிற்பது ஒன்று, பின்னர் நினைத்துக்கொள்வது மற்றொன்று, கருவிகளில் பதிந்து நிற்பது மூன்றாவது. தான் வாழாத கடந்தகாலத்தை மனிதன் பெறுவது அம்மூன்றாவதன் வழியே என்பது அவர் கொள்கை. மனிதனின் நினைவு தொடக்கமுதலே கருவியோடு கூடியது என்று அவர் கொள்வார்.

இவ்வாக்ஷேபத்தை எளிதில் தள்ளலாகாது. நாம் வாழாத காலம் நம்மை வந்தடைகிறது என்பது உண்மை. ஆனால் அது வந்தடையும் வழி எது என்பதில் நம் பூர்வர்களின் நிலை வேறு. தான் அனுபவியாததை ஒருவன் பெறுவது ஸ்மிருதியால் அன்று. ஆப்தர் வாய்க்கேட்ட சப்தத்தால், உபதேசத்தால். படத்தில் இருப்பவர் யார், எந்த ஆண்டு, எந்த வாகனம், எந்தப் புறப்பாடு என்று சொல்ல ஒருவர் இருக்கும்வரை அப்படம் பேசும். சொல்பவர் பரமபதித்தபின் அதே படம் அடையாளம் அறியாத சிலர் நிற்கும் காட்சியாகிவிடும். குடும்பங்களில் இருக்கும் பழைய புகைப்படப் பெட்டியைத் திறந்தவர் எவரும் இதை அறிவர். சுருள் அழியவில்லை, வெள்ளி மங்கவில்லை, உபதேசம் மட்டும் அற்றது. அற்றது அதுவாயினும் நினைவு முழுதும் அற்றதாகிறது.

ஓலை அழிந்தபோது

வியாக்கியான வரலாற்றில் ஓலை அழிந்த இடங்களை நோக்கினால் இது மேலும் தெளிவாகும். ஸ்ரீபாஷ்யம் அருளுவதற்காக எம்பெருமானார் கூரத்தாழ்வானோடு காச்மீரம் எழுந்தருளிப் போதாயன விருத்தியைப் பெற்று வரும் வழியில், அவ்விடத்தார் தொடர்ந்து வந்து ஏட்டைப் பறித்துச் சென்றனர். எம்பெருமானார் வருந்தியிருக்க, இரவுதோறும் அதை வாசித்துவந்த ஆழ்வான் அது தம் நெஞ்சில் உள்ளதென்று விண்ணப்பித்தார். ஏடு போயிற்று, ஸ்ரீபாஷ்யம் பிறந்தது.

நஞ்சீயர் தாம் அருளிய ஒன்பதினாயிரப்படியைப் பட்டோலையாக எழுதித்தருமாறு நம்பூர் வரதராஜரிடம் கொடுத்தார். அவர் தம் ஊருக்குக் காவேரியைக் கடந்து செல்கையில் வெள்ளம் அந்த ஓலையைக் கொண்டுபோயிற்று. காலக்ஷேபத்தில் கேட்டதை நெஞ்சில் நிறுத்தி, முழுவதையும் அவர் மீண்டும் எழுதினார். சில இடங்களில் விசேஷார்த்தங்களும் சேர்ந்திருந்தன. அதைக் கண்ட நஞ்சீயர் வெகுண்டிலர். நடந்ததைக் கேட்டு உகந்து, நம் பிள்ளை என்று அணைத்துக்கொண்டார். அன்றுமுதல் அவர் நம்பிள்ளை. ஒரு பிரதி அழிந்ததால் ஓர் ஆசாரியர் வெளிப்பட்டார். சொல் மாறாமல் நகல் எடுப்பதைவிட, பொருள் உணர்ந்தவர் ஒருவர் மீண்டும் எழுதுவதைப் பூர்வர்கள் மேலாகக் கொண்டனர் என்பதற்கு இவ்வரலாறே சாட்சி.

பெரியாழ்வார் திருமொழிக்குப் பெரியவாச்சான் பிள்ளை அருளிய வியாக்கியானத்தின் பெரும்பகுதி செல்லரித்துப் போனபோது, மணவாள மாமுனிகள் இழந்த பகுதிக்கு மட்டும் வியாக்கியானம் அருளி, எஞ்சிய பகுதியைப் பிள்ளையின் வாக்காகவே நிறுத்தினார். இழப்பின் எல்லை எதுவோ அதுவரையில் மட்டுமே தம் வாக்கைச் சேர்த்தது, நினைவைக் காப்பதில் மாமுனிகள் கைக்கொண்ட அடக்கம். ஈட்டுக்கு அவர் தொகுத்த பிரமாணத்திரட்டும் அவ்வகையினதே. நம்பிள்ளை நெஞ்சிலிருந்து எடுத்தாண்ட பிரமாணங்கள் எந்தெந்த நூலைச் சேர்ந்தவை என்பதைப் பின்புள்ளார் மறவாதிருக்க அத்திரட்டு வழிசெய்தது.

திருவரங்கம் சூறையாடப்பட்ட காலத்தில், சுருதப்ரகாசிகை ஓலைகளையும் சுதர்சனஸூரியின் இரு குமாரர்களையும் வேதாந்ததேசிகர் ஒருங்கே காத்து அழைத்துச் சென்றார் என்பது வரலாறு. ஏட்டை மட்டும் காப்பது போதும் என்று அவர் கொள்ளவில்லை. ஏடும் ஏட்டுக்குரிய வம்சமும் சேர்ந்தே காக்கப்பட்டன.

எழுத்தைப் பற்றிக் கிரேக்க ஞானி பிளேட்டோ தம் பைட்ரஸ் என்னும் உரையாடலில் ஒரு கதை கூறுகிறார். எழுத்தைக் கண்டுபிடித்த தெயுத் என்னும் எகிப்திய தெய்வம் அதை நினைவுக்கு மருந்து என்று தாமுஸ் அரசனிடம் நீட்ட, அது மறதியையே வளர்க்கும் என்று அரசன் மறுக்கிறான். நம்பிள்ளை ஈட்டைத் தம்மிடமே வைத்துப் பூட்டியதையும் அவ்வகையில் பொருள் கொள்ளலாமோ எனத் தோன்றும். ஆனால் அவர் எழுத்தை வெறுத்தவரல்லர்; பெரியவாச்சான் பிள்ளையை வியாக்கியானம் எழுத நியமித்தவரே அவர். நியமனமின்றி ஏடுபட்டது, கேட்கும் நிலையும் அதிகாரமும் இல்லாதவர் கையில் பேச்சற்ற பொருளாகக் கிடக்கலாகாது என்பதே அவர் திருவுள்ளம். பின்னர் ஈயுண்ணி மாதவர், அவர் குமாரர் பத்மநாபர், நாலூர்ப்பிள்ளை, நாலூராச்சான்பிள்ளை, திருவாய்மொழிப்பிள்ளை, மணவாள மாமுனிகள் என ஒருவர் ஒருவருக்குச் சொல்லியும் கொடுத்தும் ஈடு வந்தது. இறுதியில் மாமுனிகள் திருவரங்கத்தில் ஓராண்டுக்காலம் நம்பெருமாள் திருமுன்பே ஈட்டை ஸாதித்தார். ஓலை கைமாறிய ஒவ்வோர் இடத்திலும் உபதேசமும் கூடவே கைமாறியது.

காலதத்துவமும் படச்சுருளின் அழிவும்

பிள்ளை லோகாசாரியர் தத்வத்ரயத்தில் அசித்தை மூவகையாகப் பிரித்து, சத்துவசூன்யம் என்னும் மூன்றாவதைக் காலம் என்று நிர்ணயிக்கிறார். பிரகிருதியும் அதன் காரியங்களும் மாறுவதற்கு ஏதுவாயிருப்பது அதுவே. நித்யவிபூதியில் காலம் இருந்தும் அதற்கு ஆட்சியில்லை. லீலாவிபூதியிலோ காலத்தால் பரிணமிக்காத பொருள் கிடையாது. காலத்தைப் பிடித்து நிறுத்தச் செய்த கருவியும் காலத்திற்கு உட்பட்ட பொருளாலேயே செய்யப்படுகிறது.

படச்சுருளின் வரலாறு இதை நன்கு காட்டும். முற்காலத்துச் சுருள்களின் அடித்தளமான நைட்ரேட் எளிதில் தீப்பற்றும். தானே சிதைந்து பொடியாகும். பின்வந்த அஸிடேட் தளம் தீக்கு அஞ்சாதாயினும் வெப்பமும் ஈரமும் பட்டால் காடி மணம் வீசிச் சுருங்கிப்போகும். அவ்வாறு எழும் அமிலமே மேலும் சிதைவை விரைவாக்கும். ஜெலட்டினைப் பூஞ்சை உண்ணும். தென்னிந்தியாவின் முதல் மௌனப்படமாகப் போற்றப்படும், ஆர். நடராஜ முதலியாரின் கீசகவதம் இன்று இல்லை. 1931-இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமான காளிதாஸும் இல்லை. பழைய சுருள்கள் பல அவற்றிலிருந்த வெள்ளிக்காகவே உருக்கப்பட்டன. புனேயில் 2003-இல் நேர்ந்த தீவிபத்தில் தேசிய திரைப்பட ஆவணக்காப்பகத்தின் நைட்ரேட் சுருள்கள் பல எரிந்தன. ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விடும் வழக்கத்தைக் கண்டு உ.வே. சாமிநாதையர் வருந்தியது ஓலைக்கு மட்டும் உரியதாக நின்றுவிடவில்லை.

உதகைக்கு அருகே முத்தோரையில் காலத்தோடு வேறுவிதமாக உறவுகொண்ட கருவி ஒன்று நிற்கிறது. பேராசிரியர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் அமைத்து, 1970-இல் செயற்பட்ட அந்த வானொலித் தொலைநோக்கி 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உடையது. அவ்விடத்தின் அட்சரேகைக்கு இணையான சரிவுள்ள மலைப்புறத்தில் அது வடக்குத் தெற்காகக் கிடப்பதால், அதன் அச்சு பூமியின் சுழலச்சுக்கு இணையாக அமைகிறது. ஆதலால் வானத்துப் பொருளொன்றைப் பல மணிநேரம் தொடர, ஓர் அச்சில் திருப்புவதே போதும். தொலைதூர வானொலி மூலங்களைச் சந்திரன் மறைக்கும் நேரத்தைக் கணித்து அவற்றின் அளவை அறிவது அதன் முதற்பணிகளுள் ஒன்று. அங்கு வந்து சேரும் அலைகள் பல கோடி ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டவை. இந்து நகரில் நிகழ்காலத்தைப் பின்வருவோர்க்காகப் பதிக்கும் பரப்பு செய்யப்பட்டது. முத்தோரையில் முன்னரே புறப்பட்ட காலம் வாங்கிக்கொள்ளப்படுகிறது. ஆயினும் வந்த அலையைக் காலமென்று படித்துச் சொல்ல அங்கும் ஒரு கல்விப்பரம்பரை வேண்டியிருக்கிறது. படிப்பவர் இல்லையேல் அது வெறும் இரைச்சல்.

கைத்திறன் என்னும் உபதேசம்

ஆலை ஓய்ந்தபோது இழந்தது எது என்பதும் சிந்திக்கத்தக்கது. கட்டடமும் இயந்திரமும் இழப்பில் ஒரு கூறு. ஜெலட்டின் எந்த வெப்பத்தில் எப்படி நிற்கும், இருளில் ஓடும் சுருளின் இழுப்பு எப்போது பிசகும் என்பவற்றைக் கையால் அறிந்தவர்கள் ஓய்வுபெற்றுப் பிரிந்தனர். செய்முறைக் குறிப்புகள் எஞ்சினாலும், இயற்றுபவரிடமிருந்து இயற்றுபவருக்குச் செல்லும் பழக்கம் அறுந்தால் தொழில் மீள்வது அரிது. நினைவைக் காக்கும் தொழில்நுட்பம் தானும் ஒரு நினைவு. அதையும் ஒருவர் மற்றொருவருக்குச் சொல்லித்தர வேண்டும். இவ்வகையில் அவ்வாலையின் முடிவு, அத்தியாபகர் அற்றுப்போன ஒரு கோஷ்டியின் நிலைக்கு ஒப்பாகும். திவ்யப்ரபந்தப் புத்தகங்கள் அலமாரியில் இருக்கும். ஸேவிக்கும் முறை, நிறுத்தும் இடம், ஸேவாகால மரியாதை ஆகியவை இருக்கமாட்டா.

இதனால் ஏடுகளையும் படங்களையும் ஒலிப்பதிவுகளையும் கணினியில் சேமிக்கும் முயற்சிகளைக் குறைகூறுவது முறையாகாது. உத்போதகம் வேண்டும், பூர்வர்கள் அதை ஒருபோதும் புறக்கணித்திலர். பு.ரா. புருஷோத்தம நாயுடு ஈட்டைத் தமிழாக்கிச் சென்னைப் பல்கலைக்கழகம் பத்துத் தொகுதிகளாக வெளியிட்டதும், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் அரிய தமிழ்நூல்கள் நுண்படச்சுருளில் ஏற்றப்பட்டதும் நற்பணிகளே. ஆனால் சேமித்தாயிற்று என்னும் எண்ணம், சொல்லித்தரும் கடமை தீர்ந்தது என்னும் எண்ணமாக மாறுமிடத்தில் அபாயம் தொடங்குகிறது. ஒரு பெரியவரின் காலக்ஷேபம் நூறு மணிநேரம் பதிவாகியிருக்க, அதைக் கேட்டு ஸந்தேகம் தெளிந்து மறுபடி சொல்லவல்லார் ஒருவரும் உருவாகவில்லையெனில், நூறு மணிநேர வெளிப்படா உருவமே மிஞ்சும். ஆகவே ஒவ்வொரு பதிவோடும் மூன்று செயல்கள் சேரவேண்டும். பேசுபவர், இடம், நாள், விஷயம் ஆகியவை அறிந்தவர் உள்ளபோதே எழுதப்பட வேண்டும். முழு அளவு இன்னதென்று எண் குறிக்கப்பட வேண்டும். குறைந்தால் குறைந்தது தெரியவேண்டும். அதைக் கேட்டு, நம்பிள்ளை செய்ததுபோலத் தம் வாக்கால் மீண்டும் சொல்லும் ஒருவரேனும் பயிற்றப்பட வேண்டும்.

நினைவின் முடிவிடம்

உபாஸனத்தை இடையறாத நினைவாகவும், அது முதிர்ந்து நேரில் காண்பதற்கு ஒப்பான தெளிவை அடைவதாகவும் ஸ்ரீபாஷ்யத்தில் எம்பெருமானார் நிர்ணயித்தருளினார். அத்தகைய நினைவை எக்கருவியும் ஒருவனுக்காகச் செய்துதர இயலாது. மேலும் மனிதன் நெஞ்சும் ஓலையைப்போலவே அழியும் இயல்பினது. அந்திமகாலத்தில் கபம் அடைத்து, புலன்கள் ஓய்ந்து, கட்டையும் கல்லும்போலக் கிடக்கும்போது அவன் எதை நினைப்பான்?

இவ்வினாவைப் பெரியாழ்வார் திருவரங்கன் திருமுன்பே வைத்தார். கடைசி நேரத்தில் நினைக்க இயலாது என்பதை முன்கூட்டியே உணர்ந்து, அப்போது செய்யவேண்டிய விண்ணப்பத்தை நெஞ்சு தெளிந்திருக்கும் இப்போதே அவனிடம் சொல்லி வைத்தார். காலத்தைக் கடந்து ஒரு சொல்லைச் சேமிக்கும் செயலே அது. ஆனால் அதை அவர் வைத்த இடம் அறிவற்ற பொருளன்று. ஒருபோதும் மறவாத ஸர்வஜ்ஞன். அவ்விண்ணப்பத்திற்கு விடைபோல் நிற்பது வராஹ சரமசுலோகத்தின் பொருள். உடல் நிலையாயிருந்த காலத்தில் ஒருமுறை தன்னை நினைத்தவனை, அவன் நினைக்க இயலாத காலத்தில் தான் நினைப்பதாக ஸ்ரீவராஹப் பெருமான் பூமிப்பிராட்டிக்கு அருளினான்.

ஓலையும் சுருளும் கணினியும் உத்போதகங்கள். ஆசாரியனும் சிஷ்யனும் நினைவுக்கு ஆசிரயங்கள். இருவரும் மறக்கும் காலத்தில் மறவாதிருப்பவன் எம்பெருமான். இம்மூன்றையும் அதனதன் நிலையில் வைத்துப் போற்றியதனால்தான் வெள்ளம், செல், சூறை ஆகியவற்றைக் கடந்து முப்பத்தாறாயிரம் படியும் இன்றுவரை ஸேவிக்கக் கிடைத்திருக்கிறது.